டிரைவுக்குள் ஒரு டவுன்ஷிப்

மந்தாரக்குப்பத்தில் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் பதினொரு நாற்காலிகள் இருந்தன. பத்தில் யாரும் உட்கார்வதில்லை. மிச்சமிருந்த ஒன்றில் தனகோட்டி உட்கார்ந்திருந்தார்.

சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்புகளைப் பழுது பார்க்கும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் அலுவலகம் அது. நெய்வேலியில் நிலக்கரி வெட்டுவது இரண்டாவது வேலைதான். முதல் வேலை தண்ணீர் இறைப்பது. ஒரு பகல் இறைக்காமல் விட்டால் கடலூர் மீன்காரர்கள் வலையோடு பஸ் ஏறிவிடுவார்கள். ஆகையால் கம்பெனிக்கு வேலை எப்போதும் இருந்தது. வேலை செய்ய ஆட்களும் இருந்தார்கள். அலுவலகத்தில்தான் ஆள் இல்லை.

கொரோனா வந்தபோது ஆளுக்கொரு லேப்டாப்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கொரோனா போய்விட்டது. போனவர்கள் திரும்பி வரவில்லை. மேனேஜர் அறிவுச்செல்வன் சென்னையிலிருந்து வேலை பார்த்தார். பாதுகாப்புப் பிரிவைப் பார்க்கும் விஜயலட்சுமி சேத்தியாத்தோப்பில் தன் வீட்டுக் கூடத்திலிருந்து பார்த்தார். கொள்முதல் பார்க்கும் சிங்காரவேல் ஓசூரில் மாமியார் வீட்டிலிருந்து பார்த்தார். அதனால் மெல்லத்தான் பேசுவார். சூப்பர்வைசர் தங்கராசு மட்டும் சுரங்கத்திலேயே கிடந்தார். ஆனால் அவர் மாடி ஏறினால் பூட்ஸிலிருந்து உதிர்கிற சேற்றில் கீழே இருக்கும் பட்டுப் புடவைகள் காட்டன் புடவைகளாகிவிடும் என்று ஜவுளிக் கடைக்காரர் பயந்தார். அதனால் அவரும் வருவதில்லை.

மாடியை எப்போதோ காலி செய்திருப்பார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: உள்ளூரில் ஓர் அலுவலகம், பலகையோடும் ஆளோடும் இருக்க வேண்டும். பலகை வெளியே தொங்கியது. ஆள் தனகோட்டி.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். தனகோட்டி பிறந்தது, படித்தது, சைக்கிள் ஓட்டி விழுந்தது எல்லாம் சுரங்க ஊழியர்களுக்கான டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்துக்கு வந்தார்கள். இப்போது அந்த வாடகைப் போர்ஷனில் தனகோட்டி ஒற்றை ஆள். மனைவி செங்கமலம் மகளின் பிரசவத்துக்காகப் புனே போனவர். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டது. செங்கமலம் இன்னும் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் வீடியோவில் வருவார். ஆனால் போனைப் பேத்தி பிடித்துக்கொள்ளும். ஆகவே தனகோட்டி ஞாயிறுதோறும் பார்ப்பது ஒரு நெற்றியையும் ஒரு மின்விசிறியையும்தான். அந்த மின்விசிறியை அவர் எந்த ஊரில் பார்த்தாலும் அடையாளம் சொல்லுவார்.

"சாப்டீங்களா?" என்று நெற்றிக்குப் பின்னாலிருந்து செங்கமலத்தின் குரல் வரும்.

"சாப்ட்டேன்."

"என்னா கொழம்பு?"

அவர் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பேத்தி போனை எங்காவது தூக்கிக்கொண்டு ஓடும். குழம்பு சொல்லப்படாமலே நின்றுவிடும்.

வார நாட்களில் அதுவும் இல்லை. மாடியில் உட்கார்ந்தால் கீழே புடவை உதறும் சத்தம் கேட்கும். சுரங்கத்தில் மூன்று ஷிஃப்டுக்கும் சங்கு ஊதும். தனகோட்டி காலையில் சங்கைப் பார்த்து "வந்துட்டேன்" என்பார், மாலையில் "வரேன்" என்பார். ஒரு நாள் மட்டும் சங்கு பதில் சொன்னதாக அவருக்குப் பட்டது. அன்றிலிருந்து சங்கோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

கம்பெனியின் ஃபைல்கள் எல்லாம் டிரைவில் கிடந்தன. 'கிடந்தன' என்பதுதான் சரியான சொல். கம்ப்யூட்டருக்குள் எங்கோ ஆகாயத்தில் இருக்கும் பொதுக் கிடங்கு அது. எல்லோரும் எல்லாவற்றையும் அதில் கொண்டுபோய்ப் போடலாம், எடுக்கலாம். போட்டார்கள். எடுக்கத்தான் முடியவில்லை. 'ஸ்கேன் 0047' என்று ஒரு ஃபைல், 'ஃபைனல்' என்று ஒன்று, 'ஃபைனல் புதுசு' என்று ஒன்று, 'இதுதான் ஃபைனல் தங்கராசு' என்று ஒன்று. 'நியூ ஃபோல்டர்' என்பதற்குள் ஒரு நியூ ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று. தங்கராசு ஒரு நாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்டில் பம்ப் படம் தேடி அதற்குள் போனவர், நைட் ஷிஃப்டில்தான் வெளியே வந்தார். போகும்போது முகத்தில் தாடி இல்லை என்று அவர் மனைவியே சாட்சி சொன்னார்.

இதெல்லாம் பரவாயில்லை. ஒரு முறை மோட்டார் இன்சுலேஷன் சோதனைச் சான்றிதழைச் சுரங்க அதிகாரி அவசரமாகக் கேட்டார். சிங்காரவேல் 'ஃபைனல்' என்று இருந்ததை எடுத்து அனுப்பினார். அது சிங்காரவேலின் பிள்ளைக்குக் காதுகுத்து அழைப்பிதழ். அதிகாரி நல்ல மனிதர், அழைப்பை மதித்து வந்தார். வெள்ளிக் குங்குமச்சிமிழ் வைத்துக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, கை கழுவிய இடத்திலேயே சிங்காரவேலைப் பிடித்துக் கேட்டார், "சாப்பாடு நல்லா இருந்துச்சு. சான்றிதழ் எங்க?"

மறுநாள் அறிவுச்செல்வன் தனகோட்டியைக் கூப்பிட்டார்.

"சார், டிரைவ மொத்தமா அடுக்கணும். எல்லாத்துக்கும் சரியா பேர் வெச்சு, யார் தேடுனாலும் கிடைக்கிற மாதிரி."

"நானா சார்?"

"ஆஃபீஸ்ல நீங்கதானே இருக்கீங்க. உங்களுக்குத்தான் டைம் இருக்கு."

அது உண்மைதான். தனகோட்டியிடம் நேரத்தைத் தவிர வேறு ஒன்றும் தேங்கியிருக்கவில்லை.

முதலில் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்த்துப் பெயர் வைத்தார். 'ஸ்கேன் 0047' 'ஆறாம் நம்பர் பம்ப் மோட்டார் இன்சுலேஷன் சான்றிதழ்' ஆயிற்று. 'இதுதான் ஃபைனல் தங்கராசு' தங்கராசின் லீவு விண்ணப்பமாக வெளிப்பட்டது. பெயர் வைக்கவே மழைக்காலம் போயிற்று. அடுத்து அடுக்க வேண்டும். வருடப்படி அடுக்கிப் பார்த்தார். பம்புகள் வருடம் பார்த்துப் பழுதாவதில்லை. ஆட்கள்படி அடுக்கிப் பார்த்தார். வேலையை விட்டுப் போனவர்களின் ஃபோல்டர்கள் துக்க வீடு மாதிரி இருந்தன. இரண்டையும் கலைத்தார்.

அன்று மதியம் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று தோன்றியது. டவுன்ஷிப்பில் ஆயிரக்கணக்கான வீடுகள். எல்லாம் ஒரே நிறம், ஒரே ஜன்னல், ஒரே வேப்ப மரம். ஆனாலும் அவர் சிறு பிள்ளையாக இருந்த காலத்தில் ஒருநாளும் வீடு மாறிப் போனதில்லை. பிளாக் நம்பர், ரோடு, வீட்டு நம்பர். யாராக இருந்தாலும் வந்து சேர்ந்துவிடலாம். ஃபைல் மட்டும் என்ன ஒசத்தி?

கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். டிரைவைத் திறந்ததும் டவுன்ஷிப் வாசலைப் போலவே 'ஆர்ச் கேட்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் போனால் மெயின் பஜார். அதில் கொட்டேஷன்கள், பில்கள், விலை சம்பந்தப்பட்ட எல்லாம். விபத்து அறிக்கைகள் ஆஸ்பத்திரி ரோட்டில். புகார்கள் போலீஸ் ஸ்டேஷன் பக்கம். பம்புகளுக்குப் பிளாக் பிளாக்காக இடம். பெரிய பம்புகளுக்குத் தோட்டம் வைத்த வீடு, சின்ன மோட்டார்களுக்கு ஒற்றை அறை. ஓய்வு பெற்ற பம்புகளின் காகிதங்களை வீட்டைக் காலி செய்யச் சொன்னார். ஒரு பழைய டீசல் பம்பின் வரைபடம் மட்டும் சீனியாரிட்டி பேசிக்கொண்டு நகர மறுத்தது. மூன்று முறை இழுத்தும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. இன்டர்நெட் கோளாறு என்று வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். தனகோட்டிக்குத் தெரியும், ரிட்டயர் ஆனவர்கள் அப்படித்தான். நடுவில் 'மைதானம்' என்று ஒரு காலி ஃபோல்டரும் வைத்தார். மைதானம் இல்லாமல் டவுன்ஷிப் ஏது.

முடித்துவிட்டுப் பார்த்தபோது அவருக்கே மனம் நிறைந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு எந்த ஃபைலுக்கும் போய் வரலாம் போலிருந்தது. அவர் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். அந்தக் குழுவில் டவுன்ஷிப்பில் வளர்ந்தவர் அவர் ஒருத்தர்தான்.

முதல் போன் தங்கராசிடமிருந்து வந்தது. அவருக்கு ஊர் கம்மாபுரம். டவுன்ஷிப்பின் ஓரத்தோடு சுரங்கத்துக்குப் போய் ஓரத்தோடு திரும்புகிறவர்.

"அண்ணே, நாலாம் நம்பர் பம்போட படம் வேணும். உள்ள வந்தேன், ஒரே ரோடா இருக்குதுண்ணே."

"எங்க நிக்கிற?"

"என்னாமோ பஜார்னு போட்டுகினு இருக்குது."

"அங்க ஏன் போன? திரும்பி வா. ஆர்ச் கேட்டுல நில்லு. நின்னுட்டியா? நேரா வா. இடது கைப்பக்கம் ஆஸ்பத்திரி ரோடு வரும், திரும்பாத. அதத் தாண்டினா பிளாக் பத்தொம்பது."

"தாண்டிட்டேன்."

"ரெண்டாவது ரோட்டுல நாலாம் வீடு. கதவத் தட்டு."

"கெடச்சிருச்சுண்ணே." தங்கராசு கொஞ்சம் மூச்சு வாங்கினார், நிஜமாகவே நடந்து வந்தது போல. "யாருண்ணே இத இப்பிடிப் பண்ணது?"

"நான்தான்."

"ம்," என்றார் தங்கராசு. "சாப்டியாண்ணே?"

வாரத்தில் ஒரு நாளில், அதுவும் ஞாயிறு அல்லாத ஒரு நாளில், அந்தக் கேள்வியைத் தனகோட்டி கேட்டு வருடக் கணக்காகியிருந்தது. அவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டு, என்ன குழம்பு, அதில் என்ன காய், காய் எங்கே வாங்கியது என்று முழுக்கச் சொன்னார்.

அடுத்து சிங்காரவேல் கூப்பிட்டார். அடுத்து அறிவுச்செல்வனே கூப்பிட்டார். மேனேஜர் ஆயிற்றே என்று தனகோட்டி அவரை மெயின் ரோடு வழியாகவே கூட்டிக்கொண்டு போனார். ஒரு மாதத்தில் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. கீழே ஜவுளிக் கடைக்காரர் மேலே புதிதாக ஏதோ கல்யாண மண்டபம் திறந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். தனகோட்டி காலையில் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். போனில் சட்டை தெரியாது என்பது அவருக்கும் தெரியும்.

விஜயலட்சுமி மட்டும் கூப்பிடும்போதே சண்டையோடு வருவார்.

"தனகோட்டி சார், இது டிரைவா, டவுன் பஸ்ஸா?"

"எங்க மேடம் போவணும்?"

"எங்க போவணுமா. கண்டக்டர் மாதிரியே கேக்குறீங்க. ஹெல்மெட் சோதனை ரிப்போர்ட்டு வேணும்."

"ஆர்ச் கேட்டுல உள்ள வாங்க."

"நான் சேத்தியாத்தோப்புல பொறந்தவங்க. எனக்கு வெள்ளாறு தெரியும், பஸ் ஸ்டாண்டு தெரியும். உங்க பிளாக்கெல்லாம் எனக்கு எப்பிடிங்க தெரியும்? நெய்வேலில நான் எறங்குனா ஆட்டோக்காரரே மூணு தரம் வழி கேக்குறாரு."

"நான் கூட்டிகினு போறேன், வாங்க மேடம்."

"கூட்டிகினு போங்க. போற வழியில டீக்கடைல நிறுத்தி அரட்டை மட்டும் அடிக்காதீங்க."

இந்த இடத்தில் தனகோட்டி ஒரு காரியம் செய்தார். செய்திருக்கக் கூடாது. மனிதர் சும்மா இருக்க முடியாமல் செய்தார். அடிக்கடி தேவைப்படும் ஃபைல்களைத் தூரத்துக்கு மாற்றினார். பக்கத்திலேயே இருந்தால் போன் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. பிளாக் இருபத்தாறு வரைக்கும் போக வேண்டுமென்றால் வழியில் நாலு வார்த்தை பேசாமல் போக முடியாது. ஆர்ச் கேட்டுக்கு அருகிலேயே குடியிருந்த, சுரங்கத்துக்குள் ஆளை விடும் கேட் பாஸ் ஃபைல்களுக்கு அப்படித்தான் ஊர்க் கோடிக்கு டிரான்ஸ்ஃபர் ஆனது. தங்கராசு அவற்றைத்தான் அதிகம் கேட்பார். தங்கராசோடு பேசுவதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சில ரோடுகளை ஒருவழிப் பாதையும் ஆக்கினார். அதாவது, உள்ளே போகும் ஃபோல்டர் ஒன்று, வெளியே வரும் ஃபோல்டர் வேறொன்று. டிரைவில் இதற்கு வசதி கிடையாது. தனகோட்டி எப்படியோ செய்துவிட்டார்.

பங்குனி வெயிலில் ஒரு நண்பகல். புதிதாக எடுத்த நாலு ஃபிட்டர்களைத் தங்கராசு சுரங்கக் கேட்டுக்குக் கூட்டி வந்திருந்தார். பாஸ் பிரிண்டை வீட்டிலேயே விட்டுவிட்டார். போனிலேயே காட்டினால் போதும் என்றார் கேட்டில் இருந்த காவலாளி. தங்கராசு டிரைவைத் திறந்தார். ஆர்ச் கேட்டுக்கு அருகில் பாஸ் இல்லை. தனகோட்டியைக் கூப்பிட்டார். லைன் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில் தனகோட்டி சிங்காரவேலை பேரிங் கொட்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். வழியில் சிங்காரவேலின் மாமியார் வைக்கிற மீன் குழம்பைப் பற்றிப் பேச்சு வந்தது. சிங்காரவேல் மெல்லப் பேசுகிறவர் ஆகையால் குழம்பு முடிய நேரமாயிற்று.

கேட்டுக்கு வெளியே நிழல் என்று ஒன்றும் இல்லை. அந்த வெயிலில் தார் ரோடே கொஞ்சம் தள்ளி நிழலில் படுத்துக்கொள்ளும். பரமசிவம் என்கிற ஃபிட்டர் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தார். நின்றபடியே சாய்ந்தார். தங்கராசு தாங்கிப் பிடித்து, காவலாளியின் நாற்காலியில் உட்கார வைத்து, ஈரத் துண்டை நெற்றியில் போட்டார். பரமசிவம் கண் திறந்து முதலில் கேட்டது, "பாஸ் வந்திருச்சா?" என்பதுதான்.

தனகோட்டிக்கு லைன் கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"தங்கராசு, கூப்ட்டியாப்பா? இங்க சிங்காரவேலு கொஞ்சம் பேசிகினு—"

"பரவால்லண்ணே. மேனேஜர் லெட்டர் அனுப்பி உள்ள வுட்டுட்டாங்க. ஒரு ஆளு மயக்கம் போட்டுட்டாரு, இப்ப தெளிஞ்சிட்டாரு. பாஸு எங்கண்ணே இருந்துச்சு?"

"பிளாக் இருபத்தாறுல."

"அங்க எப்பிடிண்ணே போச்சு?"

தனகோட்டி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"சரிண்ணே," என்றார் தங்கராசு. "நீ சாப்டியா?"

அன்றைக்கு அவர் "சாப்ட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார், குழம்பைச் சொல்லவில்லை. போனை வைத்ததும் கேட் பாஸ் ஃபைல்களைத் தூக்கி ஆர்ச் கேட்டுக்கே கொண்டுவந்து வைத்தார். ஒருவழிப் பாதைகளையும் எடுத்துவிட்டார்.

ஆனால் விஷயம் அதற்குள் சேத்தியாத்தோப்புக்குப் போய்விட்டது. மயக்கம் என்றால் பாதுகாப்புப் பிரிவு. பாதுகாப்புப் பிரிவு என்றால் விஜயலட்சுமி. திங்கட்கிழமை காலை எல்லோரும் ஸ்கிரீனில் கூடினார்கள். விஜயலட்சுமி தலை வாரி, பொட்டு வைத்து, யுத்தத்துக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"இனிமே யாரும் வழி கேட்டுகினு நிக்க வேணாம்," என்றார். "டிரைவத் தெறந்தா மேல நீட்டமா ஒரு பெட்டி இருக்குதுல்ல. வெள்ளையா. அதுல 'கேட் பாஸ்'னு அடிங்க. வந்து முன்னாடி நிக்கும்."

எல்லோரும் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துருச்சுங்க," என்றார் சிங்காரவேல், மாமியார் வீட்டில் இருப்பதையும் மறந்து சத்தமாக.

"இந்தப் பெட்டி முன்னயே இருந்துச்சா?" என்றார் தங்கராசு.

"முன்னயே இருந்துச்சு. அப்ப ஸ்கேன் நாப்பத்தேழுன்னு பேர் வெச்சிருந்தோம், எதை அடிச்சாலும் வராது. தனகோட்டி சார்தான் ஒண்ணு வுடாம ஒழுங்கா பேர் வெச்சிருக்காரே. அதான் இப்ப வருது." விஜயலட்சுமி ஸ்கிரீனில் தனகோட்டி இருந்த கட்டத்தைப் பார்த்தார். அல்லது பார்த்தது போல இருந்தது. "நல்லா செஞ்சிருக்கீங்க சார். ரோடு போட்டது மட்டுந்தான் வேஸ்ட்டு."

"சூப்பர் மேடம்," என்றார் அறிவுச்செல்வன். "பிரச்சன முடிஞ்சுது. தனகோட்டி சார், இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

"ரொம்ப சந்தோசம் சார்," என்றார் தனகோட்டி.

தொந்தரவு அன்று மத்தியானமே நின்றுவிட்டது. ஒரு குழாயை மூடினால் சொட்டுச் சொட்டாகவாவது கொஞ்ச நேரம் வடியும். இது அப்படிக்கூட வடியவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் தன் போனிலிருந்து ஆபீஸ் போனுக்கு ஒரு முறை அடித்துப் பார்த்தார். மணி நன்றாகத்தான் அடித்தது. எடுத்து "ஹலோ" என்றார். இரண்டு காதிலும் அவர் குரலே கேட்டது. வைத்துவிட்டார். ஜவுளிக் கடைக்காரர் மாடிப்படியில் நின்று, "மண்டபத்துல முகூர்த்தம் முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வழி ஒன்று இருந்தது. தனகோட்டிக்கு அது புதன்கிழமையே தெரிந்துவிட்டது. பெட்டியில் அடித்தால் வருவது பெயர். பெயரை வைத்தவர் அவர். மாற்றவும் அவரால் முடியும். 'கேட் பாஸ்' என்பதை 'வேப்பம்பூ' என்று மாற்றிவிட்டால் பெட்டிக்குத் தெரியுமா? ஒரே ஒரு மாலை போதும். மறுநாள் காலையில் பதினொரு நாற்காலிக்கும் சேர்த்து போன் அடிக்கும்.

ஆறாம் நம்பர் பம்பின் பராமரிப்பு ஷீட்டில் ஆரம்பிக்கலாம் என்று அதன் பெயரின் மேல் மவுஸை வைத்தார். பெயர் நீல நிறமாயிற்று. இனி எதை அடித்தாலும் அதுதான் பெயர். விரல் பொத்தானின் மேல் இருந்தது. பரமசிவத்தை அவர் பார்த்ததில்லை. குரலைக்கூடக் கேட்டதில்லை. ஆனாலும் ஈரத் துண்டு போட்ட ஒரு நெற்றி கண் முன்னால் வந்து நின்று "பாஸ் வந்திருச்சா?" என்று கேட்டது. தனகோட்டி விரலை எடுத்துக்கொண்டார். பெயர் பெயராகவே இருந்தது. அன்று அவர் சங்கு ஊதுவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

அதன் பிறகு அவருக்கு வேலை என்று இருந்தது ஒன்றுதான். பராமரிப்பு ஷீட்டுகளைத் திறந்து அன்றன்றைய கணக்கைச் சரிபார்ப்பது. அந்த ஷீட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவரும் திறந்தால் மேலே ஓரத்தில் அவர் பெயரின் முதல் எழுத்தோடு ஒரு வண்ண வட்டம் தோன்றும். பச்சை என்றால் தங்கராசு. ஊதா என்றால் சிங்காரவேல். ஆரஞ்சு என்றால் விஜயலட்சுமி. பெட்டியில் அடித்து நேராக வந்து இறங்குவார்கள். வேண்டியதை எழுதுவார்கள். போய்விடுவார்கள்.

தனகோட்டி ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் தெருவில் போகிறவர்களைப் பார்ப்பது போல. பச்சை வட்டம் வரும். தன்னுடைய வட்டமும் அவருக்குத் தெரியுமல்லவா, ஒரு வார்த்தை கேட்பார் என்று தனகோட்டி நிமிர்ந்து உட்காருவார். ஷீட்டின் ஒரு கட்டத்துக்குள் எண் விழும். பச்சை மறையும். ஒரு நாள் தங்கராசின் கவனத்தைத் திருப்ப வேண்டி ஷீட்டின் ஓரத்தில் ஒரு காலிக் கட்டத்தில் 'சாப்டியா' என்று அடித்தார். தங்கராசு அதைப் பார்க்கவில்லை. மறுநாள் அறிவுச்செல்வன் பார்த்தார். அது ஏதோ பம்பின் பெயர் என்று நினைத்து, எத்தனை குதிரைத் திறன் என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டுப் போனார். தனகோட்டி அதை அழித்தார்.

ஞாயிறு வந்தது. நெற்றியும் மின்விசிறியும் வந்தன.

"என்னா கொழம்பு?"

"செங்கமலம், நீ எப்ப வர்ற?" என்றார் தனகோட்டி.

போன் ஓடிப்போய்விட்டது. கேள்வி அவரிடமே நின்றது. அவர் அதை மறுபடி கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். வெளியே முந்திரித் தோப்புப் பக்கமிருந்து காற்று வீசிக் காலி நாற்காலிகளில் ஒன்றைக் கொஞ்சம் திருப்பிவிட்டது. தனகோட்டி எழுந்து அதை நேராக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆறாம் நம்பர் பம்பின் ஷீட் திறந்திருந்தது. அதில் ஓர் ஆரஞ்சு வட்டம் நின்றது. வந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்க வேண்டும். எதையும் எழுதாமல் ஒரு கட்டத்துக்குள் அதன் கர்சர் கோடு மின்னி மின்னி நின்றுகொண்டிருந்தது. எழுதுவதற்கு அன்றைக்கு அதில் ஒன்றும் இல்லை. கணக்கெல்லாம் காலையிலேயே முடிந்திருந்தது.

ஆபீஸ் போன் அடித்தது. தனகோட்டி முதலில் அதைக் கீழே கடையில் அடிக்கிறது என்று நினைத்தார்.

"சார், நான் விஜயலட்சுமி."

"சொல்லுங்க மேடம்."

"அந்த ஆறாம் நம்பர் பம்போட பராமரிப்பு ஷீட்டு எங்கங்க இருக்குது?"

தனகோட்டி ஸ்கிரீனைப் பார்த்தார். ஆரஞ்சு வட்டம் அவருக்கு எதிரிலேயே நின்றது. அவருடைய வட்டமும் அந்தப் பக்கத்தில் விஜயலட்சுமிக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கும்.

"மேல பெட்டியில அடிச்சுப் பாத்தீங்களா மேடம்?"

அந்தப் பக்கம் ஒரு பெரிய கூடத்தில் ஒரே ஒரு மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. வேறு ஆள் சத்தம் எதுவும் இல்லை.

"அடிச்சேன்," என்றார் விஜயலட்சுமி. "வரல."

"வரலியா."

"வரலங்க. நெட்டு சரியில்ல போல."

தனகோட்டி நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி. ஆர்ச் கேட்டுல உள்ள வாங்க."

"வந்துட்டேன்."

"நேரா வந்தா மெயின் பஜாரு. கொட்டேஷனெல்லாம் வழியிலயே நின்னுகினு இருக்கும், இடிச்சுக்காதீங்க."

"ஒதுங்கியே வரேன். வெயிலு வேற."

"மதியம் சாப்டீங்களா மேடம்?"

"ஆச்சு. ஒரு ஆளுக்கு என்னாத்த கொழம்பு வெக்கிறது. ரசந்தான்."

"எனக்கும் ரசந்தான். பருப்பு போட்டு வெச்சீங்களா?"

"போடாம வெப்பாங்களா. நீங்க பருப்பு போடாம வெச்சுட்டு அத ரசம்னு வேற சொல்லிகினு இருப்பீங்க, அதான கேக்குறீங்க."

"போட்டேன் மேடம். கொஞ்சமா."

"அதான பாத்தேன்," என்றார் விஜயலட்சுமி. "இப்ப எங்க நிக்கிறேன் நானு?"

"பஜார் முக்குல. இங்கேந்து குறுக்கால போனா ரெண்டே ரோடு. சுத்திப் போனா மைதானத்தத் தாண்டி, ஆஸ்பத்திரியத் தாண்டி, பிளாக் இருபத்தாறு வரைக்கும் போயித் திரும்பணும். எப்பிடி மேடம் போலாம்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"சுத்தியே போலாங்க," என்றார் விஜயலட்சுமி. "எனக்கொண்ணும் அவசரம் இல்ல."

"அப்ப மைதானத்த ஒட்டியே வந்து, வலது கைப்பக்கம் திரும்புங்க."

"திரும்பிட்டேன்."

ஆரஞ்சு வட்டம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.